பிஎன்பி குற்றவாளி அல்ல

ஆசிரியருக்கு,

ரத்தப் பரிசோதனைச் சீட்டில் பிஎன்பி கூடியிருந்தால், அதுதான் இதயத்தைக் கெடுக்கிறது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். சுமை தாங்காமல் இழுபடும் இதயத் தசையே சுரக்கும் ஹார்மோன் அது. 32 அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடு, அதாவது சிறு புரதத் துண்டு. ரத்தக் குழாயை விரிக்கும், உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றும். தசை சுருங்கும் வலிமையை நேரடியாகக் கூட்டாது. ஆஞ்சியோடென்சின்-2, எண்டோதீலின் போன்ற வேறு ஹார்மோன்கள்தான் தசைச் செல்லில் கால்சியத்தை ஏற்றிச் சுருக்கத்தை முடுக்குபவை. தள்ளாடும் மாட்டைத் தார்க்குச்சியால் குத்துவது போல. நாளடைவில் தசை தடித்து நார்த்திசு படரும். பிஎன்பியோ வண்டியிலிருந்து மூட்டையை இறக்குகிறது.

பிஎன்பி அளவு அத்தனை இருந்தும் இதயச் செயலிழப்பு முற்றுவது ஏன்? சோதனையில் பிஎன்பியாகக் கணக்காவதில் பெரும்பகுதி வெட்டுப்படாத முன்வடிவம், வீரியம் குறைந்தது. பிஎன்பியையே நெசிரிடைடு என்ற மருந்தாக நரம்பில் ஏற்றிப் பார்த்தார்கள். 7,000 பேருக்கு மேல் பங்கேற்ற 2011 ஆய்வில் மரணமும் குறையவில்லை, மறுபடி மருத்துவமனையில் சேர்வதும் குறையவில்லை. பலன் தந்தது வேறு வழி: பிஎன்பியைச் சிதைக்கும் நெப்ரிலைசின் நொதியைத் தடுக்கும் சாகுபிட்ரில், ஆஞ்சியோடென்சின்-2-ன் வேலையைத் தடுக்கும் வால்சார்டனுடன் சேர்ந்த மாத்திரையாக.

சிக்கல் இங்கேதான். இந்த மாத்திரை எடுப்பவருக்கு பிஎன்பி சிதையாமல் தங்குவதால், இதயம் தேறிவரும்போதும் எண் ஏறலாம். முன்வடிவம் வெட்டுப்படும்போது பிஎன்பியோடு பிரியும் மற்றொரு துண்டான என்டி-புரோபிஎன்பியை அந்த நொதி தொடாது. எனவே இவர்களைப் பின்தொடர அந்தச் சோதனையையே கேட்க வேண்டும். இரண்டின் எண்களும் வேறு. ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிடக்கூடாது. சிறுநீரகக் கோளாறில் இரண்டும் கூடும், உடல் பருமனில் குறையும்.

ஆஞ்சியோடென்சின்-2 உருவாவதைத் தடுக்கும் ராமிப்ரில், எனலாப்ரில் எடுத்தவர்கள் இந்த மாத்திரைக்கு மாறும்போது 36 மணி நேர இடைவெளி கட்டாயம். திங்கள் காலை 8 மணிக்குக் கடைசி ராமிப்ரில் என்றால், புதியது செவ்வாய் இரவு 8-க்கு முன் கூடாது. இரு மருந்தும் உடலில் சேர்ந்தால், ரத்தக் குழாயை விரிக்கும் பிராடிகைனின் என்ற பொருள் சிதையும் இரு வழியும் அடைபட்டு, அது தேங்கி உதடு, நாக்கு, தொண்டை வீங்கி மூச்சே அடைபடலாம். வால்சார்டன் வகை மருந்துகளான டெல்மிசார்டன், லோசார்டன் எடுத்தவர்களுக்கு இந்த இடைவெளி தேவையில்லை. ஆனால் பழைய அட்டையை வீட்டில் வைத்துத் தொடர்ந்து விழுங்கக்கூடாது. புதிய மாத்திரைக்குள்ளேயே வால்சார்டன் இருப்பதால் ரத்த அழுத்தம் சரியும், பொட்டாசியம் ஏறும். மருந்துக் கடைக்காரர்கள் புதிய அட்டையைக் கொடுக்கும்போது பழையதை நிறுத்தச் சொன்னார்களா என்று ஒரு வார்த்தை கேட்கட்டும்.

இதய மருத்துவர் ஒருவர்