செயலாளர் ஆண்டறிக்கை: 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொதுக்குழு உறுப்பினர்களே, வணக்கம்.

தையல் பயிற்சி, மாலை வகுப்பு, முதியோர் பென்ஷனுக்கு மனு எழுதிக் கொடுப்பது எல்லாம் வழக்கம்போல நடந்தன. விவரம் உங்கள் கையிலுள்ள தாளில் இருக்கிறது. முட்டிக்கொண்டு நின்ற வேலைகளைப் பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டும்.

நூறு நாள் வேலைக்கு நவம்பர் கடைசியிலிருந்து கூலி வரவில்லை. 1,056 கோடி ரூபாய் நிலுவை என்று ஜனவரியில் முதலமைச்சரே பிரதமருக்குக் கடிதம் எழுதினார். 15 நாளுக்குள் கூலி தர வேண்டும், தாண்டினால் நாளொன்றுக்கு 0.05 சதவீதம் ஈடு தர வேண்டும் என்கிறது சட்டம். 319 ரூபாய் கூலிக்கு அது 16 காசு! காசு பெரிதில்லை, கேட்டுப் பழக வேண்டும் என்றுதான் பெண்களைக் கிராம சபைக்குக் கூட்டிப் போனோம். 2019-ல் நாம் தேர்ந்தெடுத்த ஊராட்சி மன்றத்தின் காலமோ ஜனவரி 5-ஆம் தேதியே முடிந்துவிட்டது. தேர்தல் இல்லை, தனி அலுவலர் நிர்வாகம். முன்பு தலைவர் வீட்டு வாசலிலேயே போய்ச் சத்தம் போடலாம். இப்போது "மனுவை வைத்துவிட்டுப் போங்க, மேலே அனுப்புகிறோம்" என்பதோடு சரி.

அடுத்தது பணம். கிராம சபைப் பயிற்சிக்கு முன்பெல்லாம் ஒரு பெரிய தொண்டு நிறுவனம் தனக்கு வரும் வெளிநாட்டு நிதியில் நமக்கும் பங்கு கொடுத்தது. 2020 செப்டம்பரில் வந்த சட்டத் திருத்தம் அப்படிப் பகிர்வதைத் தடுத்துவிட்டது. வெளிநாட்டு நிதி பெற நாமே பதிவு செய்யலாமே என்றால், மூன்று ஆண்டுகளில் 15 லட்சம் ரூபாய் செலவழித்துக் காட்ட வேண்டும். அவ்வளவு இருந்தால் யாரிடம் கேட்கப் போகிறோம்?

சரி, கம்பெனிகளைக் கேட்போம் என்று போனோம். 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஒரு நிறுவனம் தையல் மெஷின் தந்தது, போட்டோவும் எடுத்துக்கொண்டது. கிராம சபைப் பயிற்சி என்றதும், "அதெல்லாம் அரசியல் மாதிரி இருக்கிறதே" என்று நழுவிவிட்டார்கள். மெஷின் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் மெஷினில் சம்பாதிப்பதைவிட அதிகம், வர வேண்டிய கூலியில் முடங்கிக் கிடக்கிறது. அதைக் கேட்டு வாங்கும் வேலைக்குத்தான் நன்கொடையாளர் கிடைப்பதில்லை.

ஆகவே அடுத்த ஆண்டுப் பயிற்சியை நம் சந்தாவிலேயே நடத்தலாம் என்று செயற்குழு கருதுகிறது. சந்தாவை உயர்த்தும் தீர்மானம் இன்று உங்கள் முன் வருகிறது. எதிர்ப்பவர்களும் தயங்காமல் பேசுங்கள். அப்புறம், வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் இப்போது வாசிப்பார்.