லோ ஹாம்டன் விவசாயியைக் காட்டித் தந்தவர்களுக்கு நன்றி

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதர சகோதரிகளுக்கும் நண்பர்களுக்கும் ஸ்தோத்திரம்.

வில்லியம் மில்லர் நினைவுக் கூட்டம் நல்லபடியாக முடிந்தது. கிறிஸ்துவின் இரண்டாம் வருகையை எதிர்பார்க்கும் எங்கள் அட்வென்டிஸ்ட் சபைகளில் அந்தப் பெயரைச் சொன்னாலே 1844 அக்டோபர் 22தான் ஞாபகத்துக்கு வரும். மில்லரின் போதனையைப் பின்பற்றிய ஆயிரக்கணக்கானவர்கள், கிறிஸ்து அன்றைக்கு வருவார் என்று காத்திருந்து ஏமாந்த நாள் அது. மில்லரோ 1849இல், எங்கள் சபை முறையாக அமைவதற்குப் பல வருடம் முன்பே, இறந்துபோனவர். நியூயார்க் மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில், வெர்மான்ட் எல்லையை ஒட்டிய லோ ஹாம்டனில் பயிர் செய்து பிழைத்த பாப்டிஸ்ட் விவசாயி. அந்த மனிதரைப் பற்றிப் பேச வேண்டும் என்ற ஆசை மட்டும்தான் என்னுடையது. பேச்சுக்கு வேண்டிய சரக்கெல்லாம் நீங்கள் கொடுத்தது.

முதல் நன்றி மில்லரின் பண்ணைவீட்டைப் பார்த்துக்கொள்ளும் தம்பதிக்கு. 1815இல் கட்டிய வீடு, இன்று நினைவிடம். நேரம் முடிந்தும் கதவைச் சாத்தாமல், மில்லர் உட்கார்ந்து படித்த அறையில் எங்களை உட்கார வைத்து அவருடைய கதையைச் சொன்னீர்கள். கூட்டத்தில் எல்லாரையும் சிரிக்க வைத்ததும் அப்புறம் அமைதியாக்கியதும் அந்தக் கதைதான்.

இளவயதில் மில்லருக்கு வேதாகமத்தின் மேல் நம்பிக்கை போய்விட்டது. கடவுள் உலகத்தைப் படைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார் என்கிற கட்சியில் இருந்தார். 1814இல் பிரிட்டிஷ் படைக்கு எதிரான பிளாட்ஸ்பர்க் போரில் கேப்டனாக நின்றபோது பக்கத்திலேயே குண்டு வெடித்தும் காயமில்லாமல் தப்பியது அவரை யோசிக்க வைத்தது. ஊர் திரும்பி விவசாயத்தில் இறங்கினார். போதகர் இருக்கும் ஞாயிறுகளில் கோயிலுக்குப் போவார். போதகர் வெளியூர் போய்விட்டால் போகமாட்டார். ஏனென்று அம்மா கேட்டதற்கு, டீக்கன்மார் பிரசங்கத்தை வாசிக்கிற விதம் பிடிக்கவில்லை, நானே வாசிப்பதானால் வருகிறேன் என்றார். சபை மூப்பர்கள் கெட்டிக்காரர்கள், புத்தகத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்கள்! 1816 செப்டம்பரில் ஒரு ஞாயிறு, அப்படி வாசித்துக்கொண்டிருந்தவர் பாதியில் தொண்டை அடைத்துப் போய் மேலே வாசிக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார். அவர் மனந்திரும்பிய கதை இதுதான். பெரிய எழுப்புதல் கூட்டமும் இல்லை, இடி முழக்கமும் இல்லை. எனக்கு இந்தக் கதை பிடித்ததற்குக் காரணமும் அதுதான்.

அப்புறம், டிராக்டரை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு எங்களோடு பேசிய பக்கத்துப் பண்ணைக்காரருக்கு நன்றி. நாங்கள் எந்தச் சபை, எந்த நாடு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வட்டாரம் ஸ்லேட் கல்லுக்குப் பேர்போனது என்றும், மார்ச் மாதம் மேப்பிள் சாறு இறக்கும் பருவம் என்றும் சொன்னார். இரவில் உறைபனியும் பகலில் இளவெயிலும் இருந்தால்தான் மரம் சாறு விடுமாம். கிறிஸ்து வருவார் என்று மில்லர் முதலில் சொன்ன காலக்கெடு 1843 மார்ச் 21க்கும் 1844 மார்ச் 21க்கும் இடைப்பட்ட ஒரு வருடம். அதுவரை எனக்கு வெறும் தேதியாக இருந்த அந்த மார்ச், அந்தப் பண்ணைக்காரர் பேச்சைக் கேட்ட பிறகுதான் விவசாயியின் மார்ச்சாகப் புரிந்தது.

அந்த வீட்டருகே உள்ள மேப்பிள் தோப்புக்கும் ஒரு கதை உண்டு. வேதாகமத்தின் தானியேல் புத்தகத்தில் வரும் 2300 நாளை வைத்து, கிறிஸ்து வரும் காலத்தை மில்லர் 1818லேயே கணக்குப் போட்டு முடித்துவிட்டார். ஆனால் ஊரறியப் பேசப் பயந்து வருடக்கணக்கில் தள்ளிப்போட்டார். 1831 ஆகஸ்டில், யாராவது கூப்பிட்டால் போகிறேன் என்று ஆண்டவரிடம் பொருத்தனை பண்ணினார். யார் கூப்பிடப் போகிறார்கள் என்ற தைரியம்தான்! கொஞ்ச நேரத்திலேயே டிரஸ்டன் ஊரிலிருந்து தங்கை வீட்டுப் பையன் வந்து நின்றான்: நாளைக்கு எங்கள் ஊரில் பிரசங்கம் பண்ண ஆளில்லை, நீங்கள் வாருங்கள் மாமா என்று. மில்லருக்குக் கோபம். பதில் சொல்லாமல் தோப்புக்குள் போய் ஜெபத்தில் போராடி, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மருமகனோடு கிளம்பினார். அப்போது அவருக்கு வயது 49.

ஓய்வுபெற்ற பாப்டிஸ்ட் போதகர் ஐயாவுக்குத் தனியாக ஒரு நன்றி. 1833இல் மில்லருக்குப் பிரசங்க உரிமம் கொடுத்த சபையே 1845இல் அவரை நீக்கியது என்று நான் சும்மா ஒரு வரியில் எழுதியிருந்தேன். பாப்டிஸ்ட் முறையில் மேலே பிஷப் கிடையாது, உள்ளூர் அங்கத்தினர்கள் கூடித்தான் முடிவெடுப்பார்கள் என்று ஐயா விளக்கினார். அப்படியென்றால் உரிமம் கொடுத்ததும் வெளியே அனுப்பியதும் பக்கத்து நிலத்துக்காரர்கள். அதே ஊரில்தான் அவர் மிச்ச நாளைக் கழித்தார். 1848இல் தன்னோடு நின்றவர்களுக்காகப் பண்ணைக்குப் பக்கத்தில் சிறிய ஆராதனைக்கூடம் கட்டப்பட்டது. பார்வை மங்கிய காலத்திலும் கிறிஸ்து வருவார் என்ற நம்பிக்கையை விடவில்லை. ஐயா சொல்லியிராவிட்டால் என் பேச்சில் அக்கம்பக்கத்தார் யாருமே இருந்திருக்க மாட்டார்கள்.

'தப்பான தேதி சொன்னவருக்கு எதற்கு நினைவுக் கூட்டம்?' என்று கேட்ட அண்ணனுக்கும் நன்றி. நியாயமான கேள்வி. கணக்குத் தப்பியதை மில்லரே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார் என்பதைப் பேச்சின் நடுவில் வைத்ததற்கு நீங்கள்தான் காரணம். நீங்கள் இன்னும் சமாதானமாகவில்லை என்று தெரியும், காபி குடித்துக்கொண்டே தொடரலாம்.

நெடுந்தூரம் கார் ஓட்டிய தம்பிக்கும், பழைய செய்தித்தாள்களைத் தேடித் தந்த நூலக அம்மாவுக்கும், அத்தனை பேருக்கும் வெஜிடபிள் பிரியாணி செய்து பாத்திரமும் கழுவிவிட்டுப் போன அக்காமாருக்கும் நன்றி. பெயர் போட வேண்டாம் என்றீர்கள், போடவில்லை. பேச்சின் அச்சுப் பிரதி சபை அலுவலகத்தில் இருக்கிறது. தயிர்ப்பச்சடி கொண்டுவந்த நீல மூடிப் பாத்திரம் யாருடையது என்று தெரியவில்லை. அதுவும் அங்கேதான் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் சகோதரி