பெண்களுக்கு வட்டாரம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இலங்கையின் உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 சதவீதம் ஒதுக்கியும் பயன் ஒன்றும் இல்லை, அவர்கள் கூட்டத்துக்கு வந்து பேசாமல் இருந்துவிட்டுப் போகிறார்கள் என்று கடந்த வாரம் உங்கள் பத்திரிகையில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். 2018 மார்ச் முதல் 2023 மார்ச் வரை யாழ்ப்பாணம் வலிகாமத்தில் ஒரு பிரதேச சபையில் அப்படி இருந்த பெண்களில் நானும் ஒருத்தி. அவர் கண்டது உண்மைதான். ஏன் அப்படி என்பதை அவர் எழுதவில்லை.

நான் முன்பள்ளி ஆசிரியை. வேட்புமனு கொடுக்க இரண்டு நாள் இருக்கும்போது, இரவு எட்டரை மணிக்குக் கட்சிக்காரர் இருவர் வீட்டுக்கு வந்தார்கள். "ரீச்சர், பொம்பிளையளின்ர தொகை காணாது. பட்டியலில ஒரு கையெழுத்து மட்டும் போடுங்கோ, நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை" என்றார்கள். பிள்ளைகளின் பெற்றோர் பலருக்கும் என்னைத் தெரியும். ஊருக்கு ஏதாவது செய்யலாம் என்ற எண்ணமும் இருந்தது. போட்டேன்.

சட்டத்தைப் பிறகுதான் வாசித்தேன். சபை உறுப்பினர்களில் 60 சதவீதம் பேர் வட்டாரங்களில், அதாவது சபைப் பகுதியைப் பிரித்த சிறு தொகுதிகளில், வென்று வருகிறார்கள், 40 சதவீதம் பேர் கட்சிகள் கொடுக்கும் பெயர்ப் பட்டியலில் இருந்து. 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி வட்டாரங்களுக்கான வேட்புமனுவில் பெண்கள் 10 சதவீதம் இருந்தால் போதும். மேலதிகப் பட்டியல் எனப்படும் இந்தப் பெயர்ப் பட்டியலில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். ஆகவே கட்சிகள் வட்டாரங்களை ஆண்களுக்கு வைத்துக்கொண்டு எங்களைப் பட்டியலில் போட்டன. தேர்தல் முடிந்தபின் அந்தப் பட்டியலில் இருந்து யாரைச் சபைக்கு அனுப்புவது என்று தீர்மானிப்பவர் கட்சிச் செயலாளர், வாக்காளர் அல்ல. எங்கள் கட்சி வட்டாரங்களில் இரண்டே இரண்டு பெண்களை நிறுத்தியது. இரண்டும் அந்தக் கட்சிக்கு ஆதரவு இல்லாத இடங்கள். இருவரும் தோற்றார்கள். தோற்ற பிறகு, "பார்த்தீர்களா, பெண்களை நிறுத்தினால் சனம் வாக்குப் போடாது" என்றும் சொன்னார்கள்.

முதலாவது அமர்வில் பக்கத்துக் கதிரையில் இருந்தவர் என்னிடம் கேட்டது, "உங்களுக்கு எந்த வட்டாரம்?" என்றுதான். வட்டாரம் இல்லை என்றேன். "ஓ, பட்டியலோ" என்றார். ஐந்து வருடமும் அந்தச் சொல் என்னோடு இருந்தது. ஒழுங்கையில் விளக்கு எரியாவிட்டால் சனம் வட்டார உறுப்பினரிடம்தான் போகும். எங்கள் சபையில் வீதிக்கும் வாய்க்காலுக்கும் காசு வட்டாரத்துக்கு இவ்வளவு என்றுதான் பிரிபட்டது. வட்டாரம் இல்லாதவள் எதைக் கேட்டாலும் அது இன்னொருவரின் பங்கில் கை வைப்பதாகிவிடும்.

சந்தை மலசலகூடத்தின் கதையைச் சொல்கிறேன். மரக்கறி விற்கும் பெண்கள் விடியப்புறம் நாலு மணிக்கே வந்துவிடுவார்கள். பெண்கள் பக்கக் கதவுக்குக் கொளுக்கி இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை. அதனால் வீட்டில் தேத்தண்ணி கூடக் குடிக்காமல் வந்து, மத்தியானம் வீடு போகும்வரை அடக்கிக்கொண்டு இருந்தார்கள். வயதான அம்மா ஒருவருக்குச் சலக்கடுப்பு வந்து இரண்டு தரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். மூன்று மாத அமர்வுகளில் இதைச் சொன்னேன். மூன்று தரமும் "பார்ப்பம்" என்ற பதில்தான் வந்தது. நாலாம் தரம், சந்தை இருக்கும் வட்டாரத்தின் உறுப்பினரைக் கேட்டு அவரைக் கொண்டு பிரேரணை கொடுப்பித்தேன். அடுத்த மாதமே கொளுக்கியும் தண்ணீர்த் தாங்கியும் வந்தன. அவர் நல்ல மனிதர், ரீச்சர்தான் சொன்னவ என்று சபையிலேயே சொன்னார். ஆனால் கூட்ட அறிக்கையில் இருப்பது அவருடைய பெயர். அந்த அறிக்கையைப் பார்க்கிறவருக்கு நான் பேசாமல் இருந்தவள்தான்.

இதற்காக ஒதுக்கீடே வேண்டாம் என்று சொல்பவள் அல்ல நான். 1931இலேயே பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்த நாடு இது, 1960இல் ஒரு பெண் பிரதமரானார். அப்படியிருந்தும் 2018க்கு முன் உள்ளூராட்சி சபைகளில் நூறு பேருக்கு இரண்டு பெண்கள் கூட இருக்கவில்லை. அந்தச் சட்டம் வந்த முதல் தேர்தலிலேயே அது இருபதைத் தாண்டியது. அந்த 25 இல்லாவிட்டால் நான் சபை வாசலை மிதித்திருக்கவே மாட்டேன்.

தகுதி இருந்தால் ஒதுக்கீடு இல்லாமலே வரலாம்தானே என்பார்கள். வந்தவர்கள் இருக்கிறார்கள். 1998இல் யாழ். மாநகர முதல்வரான சரோஜினி யோகேஸ்வரன், பதவியேற்று சில மாதங்களிலேயே தன் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் காலத்தில் அந்தக் கதிரையில் இருக்க எவ்வளவு துணிவு வேண்டும் என்று யாழ்ப்பாணத்தில் யாருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 2009இல் யோகேஸ்வரி பற்குணராஜாவும் 2025இல் மதிவதனி விவேகானந்தராஜாவும் அதே பதவிக்கு வந்தார்கள். இருபத்தேழு வருடத்தில் மூன்று பெண்கள். மற்றவர்கள் எல்லோருக்கும் தகுதி இல்லாமலா போனது?

2025 மே தேர்தலுக்கு முன், நான் பிறந்து வளர்ந்த வட்டாரத்தைத் தரும்படி கட்சியிடம் கேட்டேன். வட்டாரம் வெல்லக்கூடிய ஆட்களுக்குத்தான், நீங்கள் வேண்டுமானால் திரும்பவும் பட்டியலில் நில்லுங்கள் என்றார்கள். சபையில் ஐந்து வருடம் இருந்தவளுக்குச் சொன்ன பதில் இது. நான் கையெழுத்துப் போடவில்லை.

வட்டார வேட்புமனுவில் உள்ள அந்த 10 சதவீதத்தைத்தான் முதலில் மாற்ற வேண்டும். மூன்றில் ஒரு வட்டாரத்திலாவது பெண் நிற்கட்டும். சனத்திடம் வாக்குக் கேட்டு வென்றவளை யாரும் "பட்டியலோ" என்று கேட்க முடியாது. சட்டத்தைத் திருத்தும்போது கவனமும் வேண்டும். 2017இல் மாகாண சபை வேட்புமனுக்களில் பெண்களுக்கு 30 சதவீதம் என்று தொடங்கிய திருத்தத்தில், கடைசி நேரம் தேர்தல் முறையையே மாற்றிப் புகுத்தினார்கள். தொகுதிகளின் எல்லை நிர்ணயத்தில் அது சிக்கி, 2018இல் காலம் முடிந்த வட மாகாண சபைக்குப் பல வருடங்களாகத் தேர்தலே நடக்கவில்லை. பெண்களின் பெயரைச் சொல்லி வந்த சட்டம் எல்லோருடைய வாக்கையும் நிறுத்திவிட்டது. எனக்கு இன்றுவரை ஆறாத விடயம் அது.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த வேட்புமனுக் காலத்தில் எத்தனை பெண்கள் போட்டி என்ற மொத்தக் கணக்கோடு செய்தியை முடித்துவிடாதீர்கள். எந்தக் கட்சி எந்த வட்டாரத்தில் பெண்ணை நிறுத்தியது, அந்த வட்டாரத்தில் அந்தக் கட்சி போன முறை எத்தனை வாக்கு எடுத்தது என்று பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் பிரதேச சபை உறுப்பினர்,
வலிகாமம்.