கோழிகளுக்குப் பிரசங்கம் செய்தவர்

டெகேட்டர், ஜார்ஜியா
10.11.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். போனில் பேசினால் பாதி நேரம் "கேக்குதா, கேக்குதா" என்பதிலேயே போய்விடுகிறது. அதனால்தான் கடிதம். அம்மா கொடுத்தனுப்பிய பருப்புப்பொடி தீர்ந்துவிட்டது என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை இங்கே அமெரிக்காவில் தேர்தல். எங்களுக்கு ஓட்டு இல்லை, வேடிக்கை பார்த்ததோடு சரி. ஓட்டுப் போட்டவர்களுக்கு விரலில் மை வைப்பதில்லை. பீச் பழப் படம் போட்ட ஸ்டிக்கர் ஒன்று தருகிறார்கள். அதைச் சட்டையில் ஒட்டிக்கொண்டு நாள் முழுக்கத் திரிகிறார்கள். அன்று சாயங்காலம் ரயிலை விட்டிறங்கி மேலே வந்தால், பழைய கோர்ட் கட்டடத்துக்கு முன்னால் இருக்கும் சிலையருகே ஒரு கறுப்பினப் பாட்டி நின்றிருந்தார். கோட்டில் அந்த ஸ்டிக்கர். என்னிடம் போனை நீட்டி, சிலையோடு சேர்த்து ஒரு படம் எடுக்கச் சொன்னார். பன்னிரண்டடி வெண்கலச் சிலை. சிலை முழுசாக விழுந்தால் பாட்டி எறும்பாகிவிடுகிறார். கடைசியில் சிலையின் முழங்காலும் பாட்டியும் வருகிற மாதிரி எடுத்துக் கொடுத்தேன்.

சிலை ஜான் லூயிஸ் என்பவருடையது. கறுப்பர்களின் உரிமைக்காக மார்ட்டின் லூதர் கிங்கோடு நின்று போராடியவர். பிறகு அட்லாண்டாவின் எம்.பி.யாக 33 வருஷம் இருந்து, 2020 ஜூலையில் காலமானார். சிலையைப் போன ஆகஸ்டில்தான் திறந்தார்கள். இரண்டு கைகளையும் நெஞ்சில் வைத்தபடி நிற்கிறார். செய்தவர் ஜமைக்காவில் பிறந்த பேசில் வாட்சன் என்ற சிற்பி. நிஜத்தில் லூயிஸ் உயரம் குறைந்தவர். இவ்வளவு பெரிதாக வைக்காமல் பக்கத்தில் போய்த் தோளைத் தொடுகிற அளவில் வைத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. பாட்டியிடம் அதைச் சொல்லவில்லை!

நீங்கள் அத்தனை வருஷம் தேர்தல் டியூட்டி பார்த்தவர், இதைக் கேளுங்கள். அந்தக் காலத்தில் தெற்கு மாநிலங்களில் கறுப்பர்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் போனால் பரீட்சை வைப்பார்களாம். ஒரு சோப்புக் கட்டியில் எத்தனை நுரைக்குமிழி வரும் என்றுகூடக் கேட்டார்களாம். லூயிஸ் இதை மேடைக்கு மேடை சொல்வார். இந்த ஓட்டுரிமைக்காக 1965 மார்ச் 7ஆம் தேதி அலபாமாவில் செல்மா என்ற ஊரில் சுமார் 600 பேர் பாலத்தைத் தாண்டி நடந்தார்கள். முன்வரிசையில் லூயிஸ். வயது 25. எப்படியும் ஜெயில்தான் என்று முதுகுப் பையில் ஒரு ஆப்பிள், ஒரு ஆரஞ்சு, இரண்டு புத்தகம், பல் தேய்க்கிற பிரஷ், பேஸ்ட் எல்லாம் எடுத்து வைத்திருந்தார். ஜெயிலுக்குப் போகவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போனார். போலீஸ் தடியடியில் மண்டை ஓட்டில் விரிசல் விழுந்துவிட்டது. அந்த ஆகஸ்டிலேயே ஓட்டுரிமைச் சட்டம் வந்தது.

இப்போது சிலை நிற்கிற அதே இடத்தில் முன்பு முப்பதடிக் கல்தூண் ஒன்று இருந்ததாம். அடிமை முறையைக் காப்பாற்றத் தனி நாடு கேட்டுச் சண்டை போட்ட தெற்குப் படையின் நினைவாக 1908இல் நட்டது. 112 வருஷம் அது அங்கேயே நின்றது. அந்தக் கட்டடத்தில் கோர்ட் நடந்த காலத்தில் வழக்குக்கு வருகிற கறுப்பர்கள் அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். இப்படிப்பட்ட சின்னங்களை எடுக்கக்கூடாது என்று மாநிலச் சட்டமே இருக்கிறது. கடைசியில் 2020 ஜூனில் ஒரு நீதிபதி, அது பொதுமக்களுக்கு ஆபத்தான தொல்லையாகிவிட்டது என்று உத்தரவு போட்ட பிறகுதான் ராத்திரியோடு ராத்திரியாகக் கழற்றினார்கள். அதற்கடுத்த மாதம் லூயிஸ் போய்விட்டார்.

அப்பா, நான் முதலில் பார்த்தது சிலையைக்கூட இல்லை, கூண்டைத்தான் தேடினேன். நம் பஸ் ஸ்டாண்டு அம்பேத்கர் கம்பிக்குள்ளேயே நிற்பதைப் பார்த்து வளர்ந்த கண் இல்லையா. இங்கே கம்பி இல்லை, காவலுக்குப் போலீசும் இல்லை. உங்கள் பேரன் போய்ப் பீடத்தைத் தட்டிவிட்டு வந்தான். சரி, தூண் இருந்த காலத்தில் இந்த ஊரும் இப்படி இருந்திருக்காது.

அம்மாவுக்கு ஒரு சேதி. லூயிஸின் அப்பா அம்மா பருத்திக்காட்டுக் குத்தகைக்காரர்கள். சின்ன வயதில் கோழிகளைப் பார்த்துக்கொள்வது இவர் வேலை. பாதிரியாராக வேண்டும் என்று ஆசைப்பட்டு, கோழிகளை உட்காரவைத்துப் பிரசங்கம் செய்வாராம். செத்த கோழிக்கு முறைப்படி அடக்கம். வீட்டில் கோழி அடித்தால் அன்று சாப்பிட மாட்டாராம். இதைக் கேட்டதிலிருந்து உங்கள் பேரனுக்கு ஒரே கவலை. போன லீவில் அவன் தூக்கிக்கொண்டு அலைந்த அந்தச் செவலைச் சேவல் இருக்கிறதா, இல்லை தீபாவளிக்கே குழம்பாகிவிட்டதா? இருந்தால் மே மாதம் நாங்கள் வரும்வரை அதில் கை வைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். இல்லையென்றால் அதே நிறத்தில் ஒன்று வாங்கி வையுங்கள்.

அன்பு மகள்