ஐந்து மார்க் கேள்வி

அஸ்தம்பட்டி, சேலம்
ஞாயிறு இரவு

அன்புள்ள கண்ணு,

காப்பிப் பொடி, பருப்புப் பொடி, தட்டுவடை மூன்றும் வியாழக்கிழமையே கூரியரில் போட்டாயிற்று. தட்டுவடை உன் கைக்கு வரும்போது உடைந்துதான் இருக்கும். நொறுக்கல் என்று நினைத்துச் சாப்பிட்டுவிடு.

போன வாரம் போனில் நீ சொன்னதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "சரி, சாப்பிட்டியா" என்று பேச்சை மாற்றினேன், நீயும் விட்டுவிட்டாய். உன் போன் பேச்சே இப்போதெல்லாம், ஒன்றையொன்று நெருங்கி விலகிப் போகிறவற்றுக்கு நீ ஆராய்ச்சியில் போடும் சிதறல் கணக்கு மாதிரிதான். எடுக்கும்போது ஒரு குரல், வைக்கும்போது ஒரு குரல். நடுவில் என்ன நடந்தது என்பதை அந்த இரண்டையும் வைத்து நான்தான் கண்டுபிடிக்க வேண்டும். இந்தத் தடவை இரண்டுக்கும் வித்தியாசம் அதிகமாக இருந்தது.

உன் கருந்துளைக் கணக்கைப் பற்றி நீ பேசிய கருத்தரங்கில் ஒரு பெரியவர் எழுந்து, "இதெல்லாம் எஃபெக்டிவ் தியரிதானே, அடிப்படைக் கோட்பாடு இல்லையே" என்றார். உள்ளே ஆழத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே ஓர் எல்லைவரை சரியாகச் செல்லும் கணக்கைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். நீ "ஆமாம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாய். அதிலிருந்து வேலை ஓடவில்லை. இவ்வளவுதானே?

உட்கார்ந்தேன் என்று நீ சொன்னதும் எனக்கு இன்னொருவன் ஞாபகம் வந்தான். 1994, பிளஸ் ஒன் வகுப்பு. ஈர்ப்பு விதி நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "டீச்சர், நியூட்டன் தப்புன்னு ஐன்ஸ்டீன் காட்டிட்டாருல்ல, அப்புறம் எதுக்கு இதை அஞ்சு மார்க்குக்குப் படிக்கணும்?" என்றான். வகுப்பே சிரித்தது. எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "உட்காருடா, பரீட்சைக்கு வர்றதைப் படி" என்றேன். அதற்கப்புறம் அந்த வருடம் முழுக்க அவன் எதுவும் கேட்கவில்லை.

போன மாதம் பெரியம்மா பேத்திக்குக் கொலுசு எடுக்கச் செவ்வாய்ப்பேட்டைக்குப் போனேன். பட்டறைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "டீச்சர், தெரியுதா? நான்தான் நியூட்டன்." அன்றிலிருந்து பையன்கள் அவனை அப்படித்தான் கூப்பிட்டார்களாம். எனக்கு அது தெரியவே தெரியாது. தலை பாதி நரைத்துவிட்டது, ஆனால் அதே முழி.

பெருமையாக ஓர் எக்ஸ்-ரே இயந்திரத்தைக் காட்டினான். பழைய கொலுசை உள்ளே வைத்தால், வெள்ளி எத்தனை சதவீதம், செம்பு எத்தனை என்று கொஞ்ச நேரத்தில் திரையில் வந்துவிடுகிறது. "வெட்டாம உருக்காம சொல்லிடுது டீச்சர்." பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயதான ஆசாரி நிமிர்ந்தே பார்க்காமல், "மேல்தோலைச் சொல்லும். முலாம் போட்டுக் கொண்டாந்தா ஏமாந்துரும்" என்றார். அவர் இன்னும் ஓரத்தில் வெட்டிப் பார்க்கிறார். இயந்திரம் பொய் சொல்லவில்லை, கண்ணு. அந்தக் கதிரால் எவ்வளவு ஆழம் போக முடியுமோ அவ்வளவுக்கு உண்மை சொல்கிறது. எவ்வளவு ஆழம் என்று தெரியாதவன்தான் ஏமாறுவான்.

உன் போனுக்கு அடுத்த நாள், என்னோடு வேலை பார்த்த கணக்கு டீச்சர் ஏற்காட்டுக்குக் கூப்பிட்டாள் என்று போனேன். காலையில் வானம் அப்படி ஒரு நீலம். மத்தியானத்துக்கு மேல் லேடீஸ் சீட்டில் நிற்கிறோம், பனிமூட்டம் ஏறி வந்து கீழே இருந்த சேலத்தை அழித்துவிட்டது. வெள்ளை, வேறொன்றும் இல்லை. அவள் ஸ்வெட்டரைத் தேடிக்கொண்டிருந்தாள். எனக்கு அங்கே நின்றபடியே உன் பெரியவருக்குப் பதில் கிடைத்துவிட்டது போல இருந்தது.

வானம் ஏன் நீலம் என்று ராலே என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் 1871-ல் கணக்குப் போட்டார். அப்போது எலக்ட்ரானையே யாரும் கண்டுபிடிக்கவில்லை. சிதறடிக்கும் துகளுக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. துகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியது, இந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார். அதிலிருந்தே, சிதறல் அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்குத் தலைகீழாகப் போகும் என்று வந்துவிட்டது. நீலம் சிவப்பைவிட நாலு மடங்குக்கு மேல் சிதறுகிறது. பின்னாளில் எலக்ட்ரான் வந்தது, அணுக்கரு வந்தது, குவாண்டம் வந்தது. காற்று மூலக்கூறு நீல ஒளியின் அலைநீளத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை, ஆகவே அந்த நான்காம் அடுக்கு அப்படியே நிற்கிறது. ஆனால் பனிமூட்டத்தின் நீர்த்துளி ஒளி அலையைவிடப் பத்து இருபது மடங்கு பெரியது. அங்கே ராலேயின் கணக்கு செல்லாது, எல்லா நிறமும் ஒரே மாதிரி சிதறுகிறது, வெள்ளை. எங்கே செல்லாது என்பதும் அந்தக் கணக்கின் முதல் வரியிலேயே இருக்கிறது. "துகள் சிறியது" என்றுதானே ஆரம்பித்தார்!

ரூதர்ஃபோர்டு பாடத்தை முப்பது வருடம் நடத்தியிருக்கிறேன். மெல்லிய உலோகத் தகட்டில் ஆல்பா துகள்கள், ஏறத்தாழ 8000-க்கு ஒன்று திரும்பி வருகிறது, 1911-ல் அணுக்கரு. இதெல்லாம் மனப்பாடம். நான் நடத்தாமல் விட்ட பாதியை ஓய்வுபெற்ற பிறகுதான் படித்தேன். அவர் போட்டது பழைய நியூட்டன் கணக்கு. பதினைந்து வருடம் கழித்துக் குவாண்டம் இயக்கவியல் வந்து அதையே போட்டுப் பார்த்தால் அதே சூத்திரம் வந்தது. அதிர்ஷ்டக்காரர். அப்புறம் 1919-ல் ஹைட்ரஜனை வைத்து மோதிப் பார்த்தபோது எண்கள் சூத்திரத்திலிருந்து விலகின. ஆல்பா துகள் அணுக்கருவுக்கு அவ்வளவு பக்கத்தில் போய்விட்டது. சூத்திரம் தவறிய இடத்தில்தான் அணுக்கரு புள்ளி இல்லை, அதற்கும் ஒரு பருமன் உண்டு என்று தெரியவந்தது.

ஃபெர்மி கதை உனக்கே தெரியும். ஆனாலும் எனக்குப் பிடித்தது என்பதால் எழுதுகிறேன். 1934-ல் அவர் நியூட்ரான் சிதைவை, நான்கு துகள்கள் ஒரே புள்ளியில் சந்திப்பதாக எழுதினார். நடுவில் விசையைக் கொண்டுபோகும் துகள் எதுவும் இல்லை, நம்மூர் பாஷையில் தரகர் இல்லாத வியாபாரம். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்த இயற்பியலாளர் சுதர்சன் 1957-ல் மார்ஷாக்குடன் சேர்ந்து அந்த வியாபாரத்தின் வடிவம் இன்னதென்று சரியாகச் சொன்னார். அப்போதும் தரகர் கணக்கில் இல்லை. ஆனால் ஆற்றலை ஏற்றிக்கொண்டே போனால், அந்தக் கோட்பாடு நிகழ்தகவு நூறு சதவீதத்துக்கு மேல் என்று உளற ஆரம்பிக்கிறது. சில நூறு ஜிஇவி-க்கு (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு) முன்னால் புதிதாக ஏதோ ஒன்று வந்தே ஆக வேண்டும் என்று அதுவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. 1983-ல் ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்தில் தரகர் பிடிபட்டார், டபிள்யூ போசான் என்ற துகள், 80 ஜிஇவி. சுதர்சன் செய்தது அடிப்படை இல்லை என்று அந்தப் பெரியவர் சொல்வாரா?

ஒன்றை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. 1986-ல் பார்க், டெய்லர் என்ற இருவர், குவார்க்குகளை ஒட்டவைக்கும் குளுவான் துகள்களின் சிதறலுக்கு எழுதிய ஒற்றை வரிச் சூத்திரம். ஆறு குளுவானுக்கே, கணக்குப் போட உதவும் ஃபெய்ன்மன் படங்கள் 220 போட வேண்டிய இடத்தில் ஒரு வரி! சரி, அழகுதான். ஆனால் அவர்கள் பொதுச் சூத்திரத்தை ஊகித்தார்கள், நிரூபணம் இரண்டு வருடம் கழித்து வேறு இருவரிடமிருந்து வந்தது. என் கையில் அந்த விடைத்தாள் வந்திருந்தால் ஸ்டெப் மார்க் கிடையாது.

இனி உன் வேலைக்கு வருகிறேன். "உன் மகள் கருந்துளையை மோத விடுகிறாளாமே" என்று பெரியம்மா கேட்டாள். மோதவில்லை, இரண்டும் தூரத்திலிருந்து வந்து, பக்கத்தில் கடந்து, கொஞ்சம் வளைந்து போய்விடுகின்றன, எவ்வளவு வளையும் என்று கணக்குப் போடுகிறாள் என்றேன். "அதுக்கா இவ்வளவு தூரம் போனா?" என்றாள். லவ் எண் என்று வேறு வாயைவிட்டுவிட்டேன். அது ஓர் ஆங்கிலேயக் கணித அறிஞரின் பெயர் என்று புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கருந்துளைக்கு அந்த எண் பூஜ்யம், இழுத்தால் நெகிழாது என்றதும், "அப்ப கல்நெஞ்சு" என்று முடித்துவிட்டாள்.

நீ அனுப்பியதையெல்லாம் மெதுவாகப் படித்ததில் எனக்குப் புரிந்தது இது. குவாண்டமும் ஈர்ப்பும் ஒத்துவராது என்றுதான் நாங்கள் படித்தோம். 1994-ல் டோனஹியூ என்ற இயற்பியலாளர், ஐன்ஸ்டீன் கோட்பாட்டையே எஃபெக்டிவ் தியரியாக எடுத்துக்கொண்டால் நியூட்டன் விதிக்கு வரும் குவாண்டம் திருத்தத்தை நிச்சயமாகக் கணக்கிடலாம் என்று காட்டினார். மிகச் சிறிய தூரத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்கத் தேவையில்லை. ஒரு மீட்டர் தூரத்தில் அந்தத் திருத்தம், தசமப் புள்ளிக்குப் பிறகு 69 பூஜ்யம் போட்டு அப்புறம் வரும் எண். யாரும் அளக்கப் போவதில்லை. ஆனால் ஒத்துவராது என்ற பேச்சு அந்த இடத்தில் அடிபட்டுப் போகிறது. நான் அந்தப் பையனை உட்காரச் சொன்னதும் அதே வருடம்தான்.

2006-ல் கோல்ட்பெர்கரும் ராத்ஸ்டைனும் ஒன்றையொன்று சுற்றும் கருந்துளைகளைப் புள்ளிகளாக வைத்து, பருமனைத் திருத்தங்களாகச் சேர்க்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். 2019-ல் பெர்ன், சியங் உள்ளிட்ட ஆறு பேர், துகள் மோதலுக்கு எழுதும் சிதறல் வீச்சிலிருந்தே (எது எவ்வளவு சிதறும் என்ற நிகழ்தகவைத் தருவது) கருந்துளைகளின் இயக்கத்தை, ஈர்ப்பின் வலிமையைச் சொல்லும் நியூட்டன் மாறிலியின் மூன்றாம் அடுக்குவரை எடுத்தார்கள். குளுவான் கணக்கை இரட்டித்தால் ஈர்ப்புக் கணக்கு வருகிறது என்பதை எத்தனை தடவை படித்தாலும் எனக்கு நம்பிக்கை வரமாட்டேன் என்கிறது. 2015 செப்டம்பர் 14 அன்று, ஈர்ப்பு அலைகளைப் பிடிக்கும் லைகோ கருவியில் கேட்டதே, 36 சூரியன் எடையும் 29 சூரியன் எடையும் உள்ள இரண்டு கருந்துளைகள் 130 கோடி ஒளியாண்டு தூரத்தில் மோதிய சத்தம், அது போன்ற சத்தத்தை இரைச்சலுக்குள்ளிருந்து பிரித்தெடுத்து, வந்தது எது என்று சொல்ல முன்கூட்டியே போட்ட கணக்கு வேண்டும். மகாராஷ்டிரத்து ஹிங்கோலியில் நம் நாட்டு லைகோ எழும்பிய பிறகு இன்னும் நுட்பமாக வேண்டும். அடிப்படைக் கோட்பாடு வரட்டும், அப்புறம் கேட்டுக்கொள்கிறேன் என்று அலை காத்திருக்குமா? அந்தப் பெரியவர் கையில் வைத்திருப்பதும் எங்கோ ஓர் எல்லையில் நிற்கக்கூடியதுதானே. அவருடையதில் அந்த எல்லை எழுதியிருக்கிறதா என்று நீ கேட்டிருக்கலாம்.

நேற்றுப் பட்டறைக்குப் போய் நியூட்டனிடம் சொன்னேன். ஏற்காடு பஸ் இருபது வளைவும் சுற்றி மேலே போகிறது, மணிக்கு 36 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொள், நியூட்டன் கணக்கில் ஐன்ஸ்டீன் செய்யும் திருத்தம் தசமத்தில் பதினைந்து பதினாறாவது இடத்தில்தான் வரும். புதன் கிரகத்துக்குப் போனால் அதன் பாதை நியூட்டன் கணக்கைவிட நூறு வருடத்துக்கு 43 ஆர்க் விநாடி கூடுதலாகத் திரும்புகிறது, அங்கே மாட்டிக்கொள்வார். தப்பில்லை, எதுவரைக்கும் என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும், அதை நான் சொல்லித் தராமல் உன்னை உட்காரவைத்துவிட்டேன் என்றேன். அவன் தராசுக் கண்ணாடியைச் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். பிறகு, "அப்ப ஐன்ஸ்டீன் எதுவரைக்கும் டீச்சர்?" என்றான்.

மகளைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். பிளாங்க் நீளம், அதாவது ஐன்ஸ்டீன் கணக்கு கைவிடும் மிகமிகச் சின்ன தூரம், என்று ஒற்றை வார்த்தையில் எழுதாதே, அது எனக்கே தெரியும். கருந்துளை இரண்டும் எவ்வளவு பக்கத்தில் வந்தால் உன் கணக்கு கைவிடும், அதற்கு முன்னால் என்ன அடையாளம் காட்டும் என்று அவனுக்குப் புரிகிற மாதிரி எழுது. வெள்ளிக்கிழமை கொலுசு வாங்கப் போகிறேன், அதற்குள் அனுப்பு.

அம்மா