பாப்பாவுக்கு, கொல்லிமலை போயிட்டு வந்த கதை

பாப்பா,

எத்தனை கிலோமீட்டர்மா ஓட்டின, சைக்கிள் ஓட்டுன தூரத்த குறிக்கிற அந்த ஸ்ட்ராவா ஆப் லிங்க் அனுப்புன்னு கேட்டிருந்தல்ல, நான் அதெல்லாம் ஆன் பண்ணவே இல்ல. வாய்ஸ் நோட்ல சொன்னா நீ ரெண்டு மடங்கு ஸ்பீடுல ஓடவிட்டு கேப்ப, அதனாலதான் உக்காந்து டைப் பண்றேன், மெதுவா படி.

மொதல்ல உங்கப்பா உன்கிட்ட போட்டுக் குடுத்த மாதிரி நான் ஒன்னும் 70 கொண்டை ஊசி வளைவையும் மிதிச்சு ஏறல. காரவள்ளி அடிவாரத்துல ஒரு குட்டியானை லோடு வண்டி புடிச்சு ரெண்டு சைக்கிளையும் கயிறு போட்டு கட்டி சனிக்கிழமை சாயங்காலமே மேல கொண்டு போயாச்சு. நானும் எங்க ஸ்கூல் கணக்கு டீச்சரும்தான். நீ சிரிப்ப, இதெல்லாம் ஏமாத்து வேலைம்மான்னு. சிரிச்சுக்கோ. வழியில பசங்க இறுக்கிப் புடிச்ச டிரஸ்ஸும் கூலிங் கிளாஸுமா மூச்சு வாங்க ஏறிக்கிட்டு இருந்தாங்க, பாவம், கண்ணு பூரா ஹேண்டில்பார்ல மாட்டின மீட்டர்லதான் இருக்கு. எனக்கு ஏறணும்னு வேண்டுதல் ஒன்னும் இல்ல, மலைமேல ஒருநாள் பூரா சும்மா சுத்தணும், அவ்ளோதான்.

காலைல செம்மேட்டுல எந்திரிச்சு பாத்தா எதிர்க்கடை தெரியல, அப்படி பனி. ஸ்வெட்டர் மேல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு டீயக் குடிச்சிட்டு வல்வில் ஓரி சிலைகிட்ட ஒரு போட்டோ எடுத்துட்டு கிளம்பினோம். இந்த மலைய ஆண்ட ஓரி விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்னி, உடும்பு வரைக்கும் துளைச்சிட்டுப் போச்சாம், டீச்சர் அங்கயே நின்னு அதுக்கு கோணம் கணக்கு போட ஆரம்பிச்சுட்டாங்க, இழுத்துட்டு வர்றதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு.

அங்கருந்து அறப்பளீஸ்வரர் கோயில் பக்கம் போற ரோடு இருக்கே, அதத்தான் உனக்கு சொல்லணும். கொல்லிமலைன்னா எல்லாரும் அந்த 70 வளைவத்தான் பேசுவாங்க, மேல ஏறினப்புறம் தனி உலகமே இருக்குன்னு யாரும் சொல்றதில்ல. கொஞ்சம் ஏத்தம் கொஞ்சம் எறக்கம், பள்ளத்துல நெல்லு வயலு, மேட்டுல சில்வர் ஓக் மரம் நெட்டுக்குத்தலா நிக்குது, ஒவ்வொரு மரத்துலயும் மிளகுக்கொடி உச்சி வரைக்கும் சுத்திக்கிட்டு, கீழ நிழல்ல காபிச் செடி. இப்ப மிளகு பறிக்கிற நேரம்ல, ஒத்தை மூங்கில்ல கணு கணுவா கால் வைக்க விட்டு ஏணி பண்ணி வச்சிருக்காங்க, அத சும்மா மரத்துல சாய்ச்சுட்டு இடுப்புல சாக்கக் கட்டிக்கிட்டு ஏறிடறாங்க. பாக்குற நமக்குத்தான் வயித்தக் கலக்குது. வாசல்ல தார்ப்பாய் விரிச்சு காயப் போட்டிருந்த ஒரு வீட்டுல தண்ணி கேட்டோம், அந்தக்கா உக்காருங்கன்னு சொல்லி அர மணி நேரம் பேசிட்டு இருந்தாங்க. அவங்க சின்ன வயசுல இங்க பூரா சாமையும் தினையும் கேவுருமாத்தான் இருக்குமாம், அப்புறம் ஜவ்வரிசி ஆலைக்கு மரவள்ளி போட்டா காசு வருதுன்னு எல்லாரும் மாறிட்டாங்களாம். இப்ப டவுன்காரங்க சாமை வேணும் சாமை வேணும்னு வந்து கேக்குறாங்கன்னு ஒரு சிரிப்பு. கார்ல போயிருந்தா இந்தப் பேச்சு கெடைச்சிருக்குமா சொல்லு.

ஏத்தம் வந்தா செயின் முன்னாடி சின்னப் பல்சக்கரத்துல, பின்னாடி பெரிய பல்சக்கரத்துல, நீ சொல்லிக் குடுத்தது ஞாபகம் இருக்கு. அதுக்கும் முடியலன்னா இறங்கி தள்ளினோம். 1992-ல புதுக்கோட்டையில நாங்க அறிவொளிங்கற எழுத்தறிவு இயக்கத்துல சைக்கிள் கத்துக்கிட்டப்ப கியரா இருந்துச்சு? ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்த காலம், ஒரு லட்சத்துக்கும் மேல பொம்பளைங்க கத்துக்கிட்டோம்னு சொல்வாங்க, பாதிப்பேரு பார் வச்ச ஆம்பளைங்க சைக்கிள்தான் கேட்டு வாங்குவோம், புள்ளைய முன்னாடி உக்கார வச்சுட்டு பின்னாடி குடத்தக் கட்டிக்கலாம்ல. ரோட்டுல அப்ப வராத கேலியா, அதெல்லாம் கேட்டு வளந்த காது, உங்கப்பா இப்ப புலம்புறதெல்லாம் இதுக்குள்ள ஏறாது.

கோயில்கிட்ட ஆத்துல மீனுக்கு பொரி போட்டோம், அறுத்த மீனு ஒட்டிக்கிட்டு திரும்ப நீந்துச்சுங்கற கதை உனக்கு பாட்டி சொல்லியிருக்கு. ஆகாய கங்கைக்கு இறங்கல, ஆயிரம் படிக்கு மேல இறங்கி திரும்ப ஏறணும், அது ரிலாக்ஸ் இல்ல பாப்பா அது தண்டனை. அதுக்குப் பதிலா சோளக்காட்டுல அன்னாசி தின்னோம், முடவாட்டுக்கால் சூப் குடிச்சோம். பாறையில ஒட்டி வளர்ற கிழங்கு, மேல பூரா மயிரு இருக்கும், ஆட்டுக்கால் சூப்பு மாதிரியே இருக்கு. முட்டிவலி போயிடும்னு கடைக்காரர் சொன்னாரு, எனக்கு ருசிதான் தெரிஞ்சுது, முட்டி அப்படியேதான் இருக்கு.

அந்த 70 வளைவுல இறங்குறது மட்டும் சைக்கிள்ல. ரெண்டு பிரேக்கையும் மாத்தி மாத்தி விட்டு விட்டு புடிக்கணும், இறுக்கிப் புடிச்சே வந்தா சூடாகி பிடிக்காம போயிடும், நாலஞ்சு வளைவுக்கு ஒரு தடவ நின்னு கைய உதறிக்கிட்டோம். வளைவுல ஏறி வர்ற வண்டிக்குத்தான் வழி, பஸ்ஸு ஹாரன் கேட்டாலே ஓரமா காலை ஊனிட்டோம், குரங்கு வேற டீச்சர் பையில இருந்த வாழைப்பழத்தயே குறி வச்சு உக்காந்திருக்கு. ஒவ்வொரு வளைவா நம்பர் குறைய குறைய ஸ்வெட்டர் கழட்டினோம், பச்சைக் காடு போயி காஞ்ச மரம், அப்புறம் மூஞ்சில சூடா நாமக்கல் காத்து. உங்க நெதர்லாந்துல ஒசந்த மேடே 322 மீட்டர்தானாமே, இங்க 1,000 மீட்டருக்கு மேலருந்து மிதிக்காமலே இறங்கி வந்தேன், அதையும் உங்க ஆபீஸ் சைக்கிள் குரூப்ல சொல்லு.

ஜனவரியில லீவு போட்டுட்டு வா, ஆடியில வேணாம், ஓரி விழாவுக்கு கூட்டம் நெரிக்கும். நீ வேகமா போறவ, முன்னாடி போயி ஏதாவது டீக்கடையில உக்காந்திரு, நாங்க வந்துருவோம். வரும்போது சீட்டுக்கு மேல போடற ஜெல் கவர் ரெண்டு வாங்கிட்டு வா, ஒன்னு டீச்சருக்கு. அந்தக்கா வீட்டுல ஒரு கிலோ மிளகு வாங்கி டப்பால போட்டு வச்சிருக்கேன், உங்க ஊரு ஐண்டோவனுக்கு வர்றவங்க யாராவது இருந்தா நம்பர் அனுப்பு, குடுத்து விடறேன்.

அம்மா