கட்டபெட்டு பக்கம் எங்க ஹட்டி (ஊர்) ரோட்டுக்குள்ள செல்போன் மேப் பாத்து வர்ற பெரிய லாரிகளை நிறுத்தித் தரக் கோரி மனு (மறுபடியும்)

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள், உதகமண்டலம்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்ங்க. இதே விஷயத்துக்கு திங்கட்கிழமை மனு நாள்ல வந்து க்யூல நின்னு கொடுத்திருக்கோம், ஆன்லைன்லயும் போட்டோம், ரசீது நம்பர் வந்துச்சு, அப்புறம் "மனு முடிக்கப்பட்டது"ன்னு மெசேஜும் வந்துச்சு. என்னத்த முடிச்சாங்கன்னு தெரியலைங்க, லாரி மட்டும் வந்துட்டேதான் இருக்கு. அதனால திரும்ப எழுதறோம், தயவு செஞ்சு கடைசி வரைக்கும் படிங்க.

1. கோத்தகிரி ரோட்டுல இருந்து எங்க ஹட்டி வழியா குன்னூர் ரோட்டுக்கு இறங்கற இணைப்பு ரோடு தாங்களும் பாத்ததுதான், தேர்தல் நேரத்துல இந்த வழியாத்தான் ஜீப் வந்துச்சு. மினி பஸ்சும் ஜீப்பும் எதிர் எதிரா வந்தாலே ஒண்ணு தோட்டத்து ஓரம் ஒதுங்கணும். நடுவுல அந்த சிறுபாலம், அதை ஒட்டியே ஒடிச்ச மாதிரி திரும்பற வளைவு. அதுக்குள்ள பத்து வீல், பன்னெண்டு வீல் லாரி வருதுங்க. சட்டப்படி ஒரு லாரி 12 மீட்டர் நீளம், 2.6 மீட்டர் அகலம் வரைக்கும் இருக்கலாம், பத்து வீல் வண்டிக்கு 2018ல மொத்த எடையை 25 டன்ல இருந்து 28.5 டன்னா ஏத்தியும் விட்டாங்க. பாலத்தை யாரும் ஏத்தி விடலை.

2. இதுல எங்களுக்கு ரொம்ப அடிபடறது தேயிலைக் கொழுந்துதாங்க. லாரி வளைவுல மாட்டறது காலைலயா இருந்தா கூட பரவால்ல, பாதி நேரம் மத்தியானத்துக்கு மேலதான் மாட்டுது, அந்நேரம்தான் பொம்பளைங்க எடுத்த கொழுந்தை எடை போட்டு சாக்குல கட்டி ரோட்டோரம் அடுக்கி ஃபேக்டரி வண்டிக்கு காத்திருப்பாங்க. அப்படி மாட்டினா கொழுந்து ஏத்த வர்ற ஃபேக்டரி வண்டி மேட்டுலயே நின்னுடும், வேற வழியே கிடையாது. சாக்குக்குள்ள அடைஞ்ச கொழுந்து சூடேற ஆரம்பிச்சா கைய விட்டா கொதிக்கும், இலை செவந்துடும், செவந்த இலையை வச்சு ஃபேக்டரில ஒண்ணும் பண்ண முடியாது, அவங்க மேல தப்பு சொல்ல மாட்டோம். எடையில கழிப்பாங்க, ரொம்ப மோசமா இருந்தா அப்படியே திருப்பி அனுப்புவாங்க. டீ போர்டு மாசாமாசம் பச்சை தேயிலைக்கு விலை அறிவிக்குது, அந்த விலை செவந்த இலைக்கு இல்லைங்க. ஆனா எடுத்த கூலி கொடுத்தே ஆகணும், உரக்கடை கடன் அப்படியே நிக்கும், எடுத்த கொழுந்தை திரும்ப செடில ஒட்ட முடியுமா சொல்லுங்க. அரை ஏக்கர் ஒரு ஏக்கர் வச்சிருக்கறவங்கதான் இங்க எல்லாரும், ஒரு நாள் கொழுந்து போனா அந்த வாரம் ரேஷன் தவிர ஒண்ணும் வாங்க முடியாது. போன மழைல ஒரு பாட்டியம்மா சாக்கை அவுத்து ரோட்டுலயே இலையை பரப்பி ஆற வச்சாங்க, அது மேலயே மாட்டின லாரி ரிவர்ஸ் வந்துச்சு. வேணும்னு ஏத்தலை, டிரைவருக்கு பின்னாடி தெரியலை, கிளீனர் பையன் விசிலடிச்சுட்டே ஓடி வர்றான், கிளட்ச் கருகுற நாத்தம் ஊரெல்லாம். யாரை திட்டறது?

3. டிரைவர்களை திட்டி பிரயோஜனம் இல்லைங்க. இந்த மனுவை எழுதற நானும் நேஷனல் பர்மிட் லாரி ஓட்டினவன்தான், அதனால சொல்றேன். செல்போன் மேப்புல காருக்கு வழி கேக்கலாம், பைக்குக்கு கேக்கலாம், வண்டி எத்தனை மீட்டர் நீளம், எத்தனை டன்னுன்னு அது கேக்கறதே இல்ல. எது சீக்கிரம்னு மட்டும் கணக்கு போட்டு உள்ள திருப்பி விடுது. லாரிக்குன்னே இருக்கற ஜிபிஎஸ் கருவில உயரம், அகலம், எடை எல்லாம் முதல்லயே போட்டு வைக்கலாம், அது ஒத்து வராத ரோட்டை தள்ளி விடும். ஆனா அந்த ரோட்டுக்கு தடை இருக்குன்னு மேப்புல பதிவு இருந்தாத்தானே தள்ளும்? எங்க ரோட்டுக்கு அப்படி ஒரு பதிவும் இல்ல, முனையில போர்டும் இல்ல. குன்னூர் ரோட்டுல மண்சரிவுன்னு மொத்த வண்டியும் கோத்தகிரி பக்கம் திரும்பற நாள்ல கேக்கவே வேணாம்.

4. நாங்க கேக்கறது கஷ்டமான வேலை இல்லைங்க.

மோட்டார் வாகன சட்டம் 115வது பிரிவுல ரோட்டோட, பாலத்தோட தன்மையை பாத்து குறிப்பிட்ட வகை வண்டிக்கு தடை போட அதிகாரம் இருக்கு. ஒரு மாசத்துக்கு மேல போகாத தடைன்னா கெஜட்ல கூட போட வேண்டியதில்ல, ஊர்ல தெரியப்படுத்தினா போதும்னு அதே பிரிவு சொல்லுது. ஒரு மாசம் போட்டுத்தான் பாருங்களேன். 116வது பிரிவுல போர்டு வைக்கலாம். ஒண்ணு மட்டும் கேட்டுக்கறோம், சிலர் சொல்ற மாதிரி குறுக்க இரும்பு கம்பி கட்டிடாதீங்க, எங்க கொழுந்து வண்டியும் மினி பஸ்சும் அதுல முட்டி நிக்கும்.

அடுத்தது, லாரிக்கு தனி ரூட் ஃபைல். கம்ப்யூட்டர்ல மேப்பை விரிச்சு மெயின் ரோட்டு மேல புள்ளி புள்ளியா வச்சு ஜிபிஎக்ஸ் ஃபைலா சேவ் பண்ணி கருவிலயோ அதை எடுத்துக்கற ஆப்லயோ ஏத்திக்கலாம், வெளிநாட்டு லாரிக்காரங்க ரொம்ப காலமா பண்றதுதான். புள்ளி கம்மியா வச்சா ரெண்டு புள்ளிக்கு நடுவுல கருவி அதுவா குறுக்கு வழி கண்டுபிடிச்சுடும், அதனால ஒவ்வொரு பிரிவு ரோடு தாண்டினதும் ஒரு புள்ளி வைக்கணும். மேட்டுப்பாளையம், கல்லாறு, பர்லியார், குன்னூர், அருவங்காடு, ஊட்டின்னு ஒண்ணு. மேட்டுப்பாளையம், குஞ்சப்பனை, அரவேணு, கோத்தகிரி, கட்டபெட்டு, தொட்டபெட்டா சந்திப்பு, ஊட்டின்னு ஒண்ணு. புள்ளி மெயின் ரோட்டு மேலயே விழணும், பக்கத்து சந்துல விழுந்தா வண்டி உள்ள போய் திரும்பி வர பாக்கும், மறுபடியும் எங்க கதைதான். வழில டீ குடிக்க ஒதுங்கினா சில கருவி வழியை மாத்தி கணக்கு போடும், அந்த ஆப்ஷனை ஆஃப் பண்ணச் சொல்லி ஃபைலோடயே தமிழ், கன்னடம், ஹிந்தில ரெண்டு வரி எழுதிடலாம். இந்த ஃபைலை நானே போட்டு தர்றேன், காசு வேணாம். செக்போஸ்ட்டுல ஒரு க்யூஆர் ஒட்டி வச்சா டிரைவர் ஸ்கேன் பண்ணிட்டு போவான்.

அப்புறம் மேப் கம்பெனிக்கு ஆபீஸ் லெட்டர்ஹெட்ல ஒரு கடிதம். நாங்க ஆப்ல திருத்தம் அனுப்பினோம், நன்றின்னு பதில் வந்துச்சு, அவ்வளவுதான். ஓபன்ஸ்ட்ரீட்மேப்னு ஒரு பொது மேப் இருக்கு, அதுல யார் வேணா திருத்தலாம், கனரக வண்டி கூடாதுன்னு பதியவும் அதுல இடம் இருக்கு, ஆனா முறையா தடை உத்தரவு இல்லாம நாங்களா எப்படி பதியறது? எல்லாத்துக்கும் அந்த ஒரு உத்தரவுதாங்க வேணும்.

5. ரோடு யாரோடதுன்னு ரெண்டு ஆபீஸ் ஒருத்தரை ஒருத்தர் கை காட்டறாங்க. எங்களுக்கு யாரோடதா இருந்தா என்னங்க? ஊட்டில இருந்து மசினகுடிக்கு இறங்கற கல்லட்டி ரோட்டுல 36 கொண்டை ஊசி வளைவு இருக்குன்னு வெளியூர் வண்டியை இறங்க விடாம போலீஸ் நிறுத்தறாங்கல்ல, அங்க முடியுது, இங்க ஒரு தகர போர்டு வைக்க முடியாதா? பாலம் இடிஞ்சு வண்டி கீழ போனாத்தான் ஆள் வருவீங்களா? கோவத்துல எழுதிட்டேன்னு நினைக்காதீங்க ஐயா, கொழுந்து கருகறவங்க வயிறு எரியும்.

6. போர்டு. முதல்ல போர்டு.

அடுத்த கொழுந்து சீசனுக்கு முன்னாடி தடை உத்தரவும், ரெண்டு முனையிலயும் போர்டும், லாரி ரூட் ஃபைலும் ஏற்பாடு பண்ணித் தரும்படி ஊர் சார்பா திரும்பவும் கேட்டுக்கறோம். நேர்ல வந்து பாக்கறதா இருந்தா மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல வாங்க. இந்த மனுவையும் பதில் சொல்லாம முடிச்சுடாதீங்க.

இணைப்பு: பழைய மனு ரசீதுகள், மாட்டின லாரிகளோட போட்டோ, ஃபேக்டரி திருப்பி அனுப்பின சீட்டுகள்.

இப்படிக்கு,
ஹட்டி பொதுமக்கள் மற்றும் சிறு தேயிலை விவசாயிகள்